தாண்டிப் போன வாசல்

பனிக்கு ஒரு பயணம் - அத்தியாயம் பதினான்கு

சென்ற வாரம் இகுமியைக் காய்கறிக் கடையில், கையில் ஒரு முள்ளங்கியோடு நிற்க விட்டு வந்தோம்.

எதிரே நின்றவள் கொண்டோ அம்மாள். இகுமியின் கணவர் தகேஹிகோ வேலை பார்க்கும் பள்ளிச் சீருடைக் கம்பெனியின் மேலாளர் மனைவி. போன மாதம் தகேஹிகோ நாகனோ மலைப்பக்கத்திலிருந்து வாங்கி வந்து அலுவலகத்தில் கொடுத்த வால்நட் இனிப்பு அத்தனை ருசியாம். கணவர் தன் பங்கைத் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டு வந்தாராம். அதற்கு நன்றி சொன்னாள்.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "அன்னைக்குன்னு பார்த்து மினாகாவாவும் லீவு. ரெண்டு பேரும் இல்லாம எங்க வீட்டுக்காரர் திண்டாடிப் போயிட்டார்."

இகுமி தலை குனிந்து, ஏதோ சின்னப் பண்டம்தானே என்று சொல்லவேண்டியதைச் சொன்னாள். முள்ளங்கிக்குக் காசு கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், முள்ளங்கியைக் கீழே வைக்காமலே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏனென்றால் தகேஹிகோ போன மாதம் அவளிடம் சொல்லிவிட்டுப் போனது நகோயாவுக்கு. துணிக் கண்காட்சி, ஒரு ராத்திரி தங்கல் என்றார். திரும்பி வரும்போது நகோயாவின் அரிசிமாவு இனிப்பு வாங்கி வந்தார். அதை வெட்டித் தட்டில் வைத்து, தேநீரோடு அவருக்கே கொடுத்தவள் இகுமி.

மனைவியிடம் மறைக்கத் தெரிந்த மனிதருக்கு அலுவலகத்தில் மறைக்கத் தெரியவில்லை. லீவு போட்டு ஊருக்குப் போனவர் அந்த ஊர்ப் பண்டம் இல்லாமல் வெறுங்கையோடு தன் மேசைக்குத் திரும்புவதாவது! தூக்கத்தில்கூட தகேஹிகோவால் அது முடியாது. அதனால் ரயில் மாறும்போது நகோயாவில் வீட்டுக்கு ஒரு பெட்டி, அதற்கு முன்பே மலையில் அலுவலகத்துக்கு ஒரு பெட்டி. பொய்யைக்கூட மரியாதையோடு கட்டி எடுத்து வந்திருந்தார்.

இனி, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை.

ஜனவரி மாதம் என்றாலும் ஒகயாமாவில் வெயில்தான். பனி விழாத ஊர் அது. அடியில் சூடு வைத்து மெத்தை போர்த்திய தாழ்மேசைக்குள் மூன்று பேரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் ஒரு கூடை மாண்டரின் ஆரஞ்சு. அதைச் சுற்றி மகள் கொஹாரு பரப்பிய பயணப் படங்கள்.

கொஹாருவுக்கு இருபது வயது. இங்கேயே கல்லூரியில் படிக்கிறாள். இந்தப் பயணமே அவள் கிளப்பியதுதான். அம்மா பனிநாட்டுப் பெண். நீகாட்டாவில் பிறந்து, நடக்கப் பழகிய கையோடு பனியில் சறுக்கப் பழகியவள். கல்யாணமாகி இங்கே வந்து இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பனிமேட்டில் நிற்கவில்லை. கேட்கும்போதெல்லாம் தகேஹிகோ தன் முழங்காலைத் தடவிக் காட்டுவார். கல்லூரிக் காலத்தில் நிறையச் சறுக்கி மூட்டு கெட்டுவிட்டது என்பார். இகுமியும் கேட்பதை விட்டுவிட்டாள்.

அப்படிப்பட்டவர் இந்தத் தடவை, மகள் வாயைத் திறந்ததும் சரி என்றார். இகுமி எத்தனை சந்தோஷப்பட்டாள்! மரப்பெட்டியிலிருந்து பழைய கம்பளிக் கையுறையை எடுத்து வெயிலில் காயப் போட்டாள். அதெல்லாம் முள்ளங்கிக்கு முந்திய கதை.

"முதல் ராத்திரி நகோயா" என்று கொஹாரு விரலால் கோடு இழுத்தாள். "மறுநாள் காலையில மலை ரயில். மதியத்துக்குள்ள நாகனோ மலையில ஹினோசாவா. ரெண்டு ராத்திரி பனி, வெந்நீர் ஊற்று. அப்புறம் வீடு."

காலையில் கிளம்பினால் சாயங்காலம் மலையிலேயே இருக்கலாமே, நகோயாவில் எதற்கு வீணாக ஒரு ராத்திரி என்று இகுமி கேட்டாள்.

"கோட்டை பார்க்கலாம்மா. அந்த ஊர் மிசோ கட்லெட் சாப்பிடலாம். அப்பாவும் சரின்னுட்டார்."

அப்பாவும் சரி என்றுவிட்டார். அது இகுமிக்கு முள்ளாகக் குத்தியது. அந்த நகோயாவை மகள் வாயில் யார் ஊட்டியிருப்பார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. பொய் சொன்ன ஊருக்கு ஒரு தடவை குடும்பத்தோடு போய்விட்டு வந்தால் பொய் பழசாகிவிடும் அல்லவா?

"ஹினோசாவா யார் சொன்ன ஊர்?" என்றாள்.

தகேஹிகோ ஆரஞ்சுச் சுளையின் வெள்ளை நாரை மிகுந்த கவனத்தோடு உரித்துக்கொண்டிருந்தார். "ஆபீஸ்ல சொன்னாங்க."

"யாரு?"

"மினாகாவா. அவங்க சொந்த ஊர். கூட்டமே இருக்காதாம்."

மினாகாவாவை இகுமிக்குத் தெரியும். முப்பத்து நாலு வயது, தனி ஆள். கம்பெனியில் சீருடைக்கு அளவு பார்த்துத் துணி வெட்டுபவள். பக்கத்து அடுக்குவீட்டின் மாடியில் போன வசந்தத்தில் குடிவந்து, முறைப்படி துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு வந்து வணங்கிவிட்டுப் போனாள். நல்ல கூந்தல். இடுப்பு வரை வரும். இகுமியின் முடி இப்போது காது வரைக்கும்தான்.

ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்கு நடக்கலாமா என்று கொஹாரு படத்தைப் பார்த்துத் தனக்குள் கேட்டுக்கொண்டாள். தகேஹிகோ சட்டென்று சொன்னார்: "நடந்துடலாம். கோயில் திருப்பத்துல மட்டும் கொஞ்சம் வழுக்கும்."

சொன்னவர் அவசரமாக மறுபடி நாரை உரிக்கத் தொடங்கினார். அவர் காது சிவந்தது.

"போன மாசம் நகோயாவுல துணியெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் இகுமி.

"துணியா?"

"கண்காட்சியில."

"ஓ. இருந்தது. நிறைய... துணி இருந்தது."

கொஹாரு சிரித்துவிட்டாள். இகுமி சிரிக்கவில்லை. அவர் அருகிலிருந்து வந்த வாசனை அவள் மூக்கில் ஏறியது. ஒரு மாதமாக இந்த வாசனை. கற்பூரமும் புதினாவும் கலந்த மாதிரி, இந்த வீட்டில் யாரும் பூசிக்கொள்ளாத வாசனை. இன்னொன்றும் உண்டு. இந்த வீட்டில் முதல் குளியல் என்றைக்கும் அவருடையது. ஒரு மாதமாக, நீங்கள் முதலில் குளியுங்கள் என்று அம்மாவையும் மகளையும் அனுப்பிவிட்டுக் கடைசியில் போகிறார். கதவுக்குத் தாழ்ப்பாள் வேறு.

நகோயா, நாகனோ, மினாகாவா, வாசனை, தாழ்ப்பாள். ஒன்றோடு ஒன்றைக் கோத்துக் கோத்து அவள் மனம் ஒரு மாலையே கட்டிவிட்டது.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாள். "எனக்கு வேண்டாம்."

"அம்மா, இது உனக்காகத்தான்..."

"எனக்கு இப்போ குளிர் ஒத்துக்கிறதில்ல."

பனியில் பிறந்தவள் சொல்கிற பேச்சா அது? தகேஹிகோ உரித்த சுளையைத் தின்னாமல் மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். இகுமி அதைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஹாருவும் தான் பகுதிநேரம் வேலை பார்க்கும் ரொட்டிக் கடைக்குக் கிளம்பிப் போனாள்.

வீடு காலியான பிறகு தெரு அறிவிப்புப் பலகை வந்தது.

வீடு வீடாகக் கைமாறும் பலகை அது. வந்த தாளைப் படித்து, தன் பெயருக்கு எதிரே முத்திரை குத்தி, அடுத்த வீட்டில் கொடுக்கவேண்டும். அன்றைய செய்தி அவசரச் செய்தி. தெருவில் குழாய் உடைந்திருக்கிறது, மதியம் தொடங்கி மாலை வரை தண்ணீர் வராது, பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இகுமி குளியல் தொட்டியை நிறைத்தாள். கெட்டிலை நிறைத்தாள். முத்திரை குத்தினாள். அவளுக்கு அடுத்த கட்டத்தில் எழுதியிருந்த பெயர், மினாகாவா.

பலகையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாடிப்படியின் கீழே ஒரு நிமிஷம் நின்றாள். மேலே வானொலிப் பாட்டு கேட்டது. யாரோ கூடவே முணுமுணுத்தார்கள். இவ்வளவு நிம்மதியாகப் பாட வருகிறதா இவளுக்கு என்று நினைத்தாள் இகுமி.

அவள் கால்கள் படியில் ஏறவில்லை. நேரே நடந்து அதற்கடுத்த வீட்டு மணியை அழுத்தின.

அந்த வீட்டு செனோ அம்மாள் பலகையை வாங்கிக்கொண்டு தாளைப் பார்த்தாள். "மினாகாவா கட்டம் காலியா இருக்கே?"

"மணி அடிச்சுப் பார்த்தேன். யாரும் இல்ல" என்றாள் இகுமி.

சொல்லி முடித்தபின் அவளுக்கே வியப்பாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவர் சொன்ன பொய்யை நினைத்து ராத்திரி முழுக்கத் தூங்காதவள், இதோ ஒரு பொய்யைக் கொஞ்சமும் தடுமாறாமல் சொல்லிவிட்டாள்.

தெருமுனையில் ஒரு சின்ன ஜிசோ சாமி உண்டு. குழந்தைகளையும் வழிப்போக்கர்களையும் காக்கிற கல் சாமி. கழுத்தில் சிவப்புத் துணி. அந்த வாரம் பூவும் தண்ணீரும் மாற்றுவது இகுமியின் முறை. கிண்ணத்தைக் கழுவி நீர் வைத்தாள். கை கூப்பினாள். கேட்க ஒன்றும் வரவில்லை. கூப்பிய கை வெறும் கையாகவே இருந்தது. சாமி எப்போதும்போலக் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புகூட அன்றைக்கு அவளுக்குப் பிடிக்கவில்லை.

மதியம் குழாய் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது.

சிறிது நேரத்தில் வாசல் மணி அடித்தது. இகுமி கதவைத் திறந்தாள்.

மினாகாவா நின்றிருந்தாள். தோளில் துண்டு. தலையில் மலைபோல் சோப்பு நுரை. ஒரு கண்ணைத் திறக்க முடியாமல் இறுக்கி மூடியிருந்தாள். நெற்றியிலிருந்து நுரை வழிந்து, குளிரில் உதடு வெளுத்திருந்தது.

"ஓமோரி-சான்" என்று இகுமியின் குடும்பப் பெயரைச் சொல்லி மரியாதையாகக் கூப்பிட்டாள். "மன்னிச்சுக்குங்க. தலையில ஷாம்பு போட்டேன், தண்ணி நின்னு போச்சு. எனக்கு இந்தத் தெருவுல உங்களைத் தவிர யாரையும் அவ்வளவாத் தெரியாது."

இகுமி கதவை இன்னும் அகலத் திறந்தாள். எந்த வாசலைத் தாண்டிப் போனாளோ அந்த வாசலே நடந்து இவள் வாசலுக்கு வந்துவிட்டது.

"உள்ள வாங்க" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்?

குளியலறையில் சின்ன முக்காலியைப் போட்டாள். மினாகாவா உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். அந்தக் கூந்தல் நுரையோடு தரையைத் தொட்டது. இகுமி தொட்டியிலிருந்து ஒரு வாளி மொண்டாள். ஜனவரித் தண்ணீர். கையை வைத்தால் எலும்பு வலிக்கும்.

அப்படியே ஊற்றிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. உண்மையாகவே வந்தது. இதைத் தடவித்தானே மயங்கியிருப்பார் என்று அந்தக் கூந்தலைப் பார்த்து ஒரு கசப்பும் கூடவே வந்தது.

ஆனால் கைக்கு வேறு பழக்கம். கை அடுப்பறைக்குப் போய்க் கெட்டிலைச் சூடாக்கி எடுத்து வந்து வெந்நீரைக் கலந்தது. கொஹாரு குழந்தையாக இருந்தபோது பார்த்த மாதிரியே, மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுச் சூடு பார்த்தது. மனம் செய்ய மறுக்கிற நல்லதைச் சில சமயம் கை செய்துவிடுகிறது. கையை அப்படிப் பழக்கி வைப்பதும் ஒரு பக்திதான்.

"கண்ணை மூடிக்குங்க" என்று சொல்லி, நெற்றியில் வழியாதபடி ஒரு கையால் அணை கட்டி, மெதுவாக ஊற்றினாள்.

"அப்பாடா" என்றாள் மினாகாவா தரையைப் பார்த்தபடி. "செத்துப் பிழைச்சேன். உங்களைப் பார்த்தா ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன். சாருக்கு இடுப்பு இப்போ எப்படி இருக்கு?"

இகுமியின் கை நின்றது. "இடுப்பா?"

"எங்க அப்பா போன் பண்ணும்போதெல்லாம் அதைத்தான் முதல்ல கேட்கிறார். வலிக்கு ஒட்டுற பிளாஸ்திரியை ஒழுங்கா ஒட்டுறாரான்னு. அப்பா..."

அவள் பேச்சைப் பாதியில் விழுங்கினாள். நுரையோடு முகம் பாதி நிமிர்ந்தது. "உங்ககிட்ட அவர் இன்னும் சொல்லலையா?"

"சொல்லுங்க" என்றாள் இகுமி. அவள் குரல் அவளுக்கே யாருடையதோபோலக் கேட்டது.

மினாகாவா சொல்லக்கூடாது என்றுதான் பார்த்தாள். ஆனால் தலையை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு எத்தனை நேரம் மறைப்பது? கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவளுடைய அப்பா ஹினோசாவாவில் பனிச்சறுக்கு சொல்லிக் கொடுப்பவர். புதிதாகப் பழகுபவர்களுக்கு மட்டும். தகேஹிகோ அலுவலகத்தில் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, தலையைக் குனிந்து, உன் அப்பாவிடம் ஒருநாள் நான் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டாராம்.

"கத்துக்கவா? அவர் காலேஜ்ல..."

"சறுக்கினதே இல்லையாம். பெண் பார்க்க வந்தப்போ நீங்க பனியைப் பத்திப் பேசினீங்களாம், கண்ணெல்லாம் மின்னிச்சாம். எனக்கும் சறுக்கத் தெரியும்னு வாய் தவறிச் சொல்லிட்டாராம். அதுக்கப்புறம் எப்படித் திரும்ப எடுக்கிறதுன்னு தெரியலைன்னார். இப்போ மகளும் கேட்டுட்டா, இனிமே முழங்காலைத் தடவ முடியாதுன்னார்."

அன்று வந்திருந்த மற்றவர்கள் எல்லாம் பாலர் பள்ளிப் பிள்ளைகளாம். அவர்களுக்குக் கொடுக்கிற சிவப்புத் துணியைத்தான் இவர் கழுத்திலும் கட்டினார்களாம். முழு மதியமும் விழுந்தாராம். ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் ஓடி வந்து, மாமா எழுந்திருங்க என்று தூக்கிவிட்டார்களாம். ராத்திரி மினாகாவாவின் அப்பாதான் முதுகு முழுக்கப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாராம்.

சிவப்புத் துணி கட்டிய தகேஹிகோவை இகுமி நினைத்துப் பார்த்தாள். கற்பூரமும் புதினாவும் பிளாஸ்திரி வாசனையாகப் போயிற்று. தாழ்ப்பாளுக்குப் பின்னால் இருந்தது வீங்கி நீலம் பாரித்த ஒரு இடுப்பு.

ஆனாலும் அவள் மனம் கட்டிய மாலையில் ஒரு முடிச்சு பாக்கி இருந்தது. அவள் கேட்காமல் விடவில்லை.

"அன்னைக்கு நீங்களும் ஊர்ல இருந்தீங்களா?"

"நானா?" மினாகாவா சிரித்தாள். "கடவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டு, முகம் பன்னு மாதிரி வீங்கி, மேல படுத்துக் கிடந்தேன். நீங்கதானே கொஹாருகிட்டக் கஞ்சி குடுத்தனுப்பினீங்க. ஊறுகாய்ப் பிளம் போட்டு. அந்த ரெண்டு நாளும் அதைத்தான் சாப்பிட்டேன்."

இகுமி வாளியைக் கீழே வைத்தாள்.

ஆமாம். அவர் ஊரில் இல்லாத அந்த ராத்திரி. சோறு மீந்துபோயிற்று. மாடிப்படியில் அந்த அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனாள் என்று கொஹாரு சொன்னாள். மீந்த சோற்றைக் கஞ்சியாக்கி, ஒரு பிளம்மை நடுவில் வைத்து, மூடி போட்டுக் கொடுத்தனுப்பினாள். அதோடு மறந்தும் போனாள்.

யாரை நாகனோவில் தன் கணவரோடு நடக்கவிட்டு நேற்று ராத்திரி முழுக்கத் துடித்தாளோ, அவளுக்கு அதே ராத்திரி கஞ்சி போட்டவள் இவளே. செய்த நல்லதை அவள் மறந்தாள். அது அவளை மறக்காமல் காத்திருந்து, தக்க நேரத்தில் சாட்சி சொல்ல வந்துவிட்டது.

"மினாகாவா-சான், ஒண்ணு சொல்லணும்" என்றாள். "தண்ணி நிக்கும்னு பலகை வந்தது. உங்க வாசலை நான்தான் வேணும்னு தாண்டிப் போனேன். மணி அடிச்சதாப் பொய்யும் சொன்னேன்."

மினாகாவா கூந்தலைத் திரட்டி ஒரு தடவை பிழிந்தாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. புரிந்திருக்கவேண்டும்.

"நானும் இந்தத் தெருவுக்கு வந்து இவ்வளவு நாளாச்சு. நீங்க வணக்கம் சொல்றதோட சரி. உள்ள வாங்கன்னு இன்னைக்குத்தான் கூப்பிட்டிருக்கீங்க" என்றாள் கடைசியில். பிறகு துண்டைப் பின்னால் நீட்டினாள். "தண்டனையா நீங்களே துவட்டி விடுங்க. இந்த முடியைத் துவட்டுறதுக்குள்ள கை போயிடும்."

கை போகத்தான் போயிற்று. இகுமி வெகுநேரம் துவட்டினாள். பிறகு இரண்டு பேரும் தாழ்மேசைக்குள் கால் நீட்டி ஆரஞ்சு தின்றார்கள். மினாகாவா போகும்போது செனோ அம்மாள் வீட்டிலிருந்து பலகையை வாங்கி வந்து, காலிக் கட்டத்தில் தன் முத்திரையைக் குத்திவிட்டுப் போனாள்.

மாலையில் குழாய் மறுபடி இருமி, செம்மண் நிறத்தில் துப்பி, பிறகு தெளிந்தது. கொஹாரு ரொட்டியோடு வந்தாள். தகேஹிகோவும் வந்தார். காலாற நடந்தவர் முகத்தில் அத்தனை வியர்வை ஏன் என்று இகுமி இப்போது யோசித்தாள். கோயில் படிக்கட்டில் கால் பலத்துக்கு ஏறி இறங்கியிருப்பார். பார்க்கத் தெரிந்த பிறகு எல்லாம் தெரிந்தது.

"இன்னைக்கு முதல் குளியல் உங்களுதுதான்" என்றாள்.

"வேண்டாம், நீங்க..."

"போங்க. தண்ணி ஆறிடும்."

அவர் குளித்து வந்தபோது, மடித்து வைத்த ராத்திரி உடுப்பின்மேல் புதிய பிளாஸ்திரிப் பொட்டலம் ஒன்று இருந்தது. இகுமி அடுப்பறையில் முள்ளங்கியைத் துருவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. பின்னால் அவர் வெகுநேரம் நின்றது தெரிந்தது. பிறகு பொட்டலத்தைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

பொறாமை அத்தோடு துடைத்துப் போனது என்று சொல்ல முடியாது. பெண் பார்த்த கதையைத் தன்னிடம் சொல்லாமல் ஊராரிடம் சொன்னாரே என்று ஒரு சின்னக் கீறல் இருந்தது. நம் கண் மின்னியதை நமக்கு இன்னொருத்தி வந்து சொல்லவேண்டியிருந்ததே! ஆனால் கீறல் ஆறிவிடும்.

சாப்பிடும்போது அவளே பேச்சை எடுத்தாள். "நானும் வரேன். ஆனா பனியில நின்னு இருபத்திரண்டு வருஷமாச்சு. எல்லாம் மறந்திருக்கும். முதல் நாள் குழந்தைங்க சறுக்குற மேட்டுலயே ஆரம்பிக்கலாமா?"

தகேஹிகோ கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் கேள்வி இருந்த இடத்தில் மெதுவாக ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது.

"உனக்குத் துணையா நானும் அங்கேயே நிக்கிறேன்" என்றார்.

"அப்போ நகோயாவும் உண்டுதானே?" என்று கொஹாரு அவசரமாகக் கேட்டாள். உண்டு என்றாள் இகுமி. அப்பாடா என்று மகள் மூச்சு விட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அப்போது வீட்டுத் தொலைபேசி அடித்தது. இகுமிதான் எடுத்தாள். நகோயாவிலிருந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர். அடுத்த மாதம் இரவுச் சாப்பாட்டுக்கு ஓமோரி என்ற பெயரில் சொல்லி வைத்திருக்கிறீர்களே, நாலு பேர் என்பதால் சின்ன அறை ஒதுக்கட்டுமா என்று பணிவாகக் கேட்டார்.

"மூணு பேரா?"

நாலு பேர் என்றுதான் எழுதியிருக்கிறது என்றார் அவர்.

ஒரு நொடி. ஒரே ஒரு நொடி பழைய பாம்பு தலையைத் தூக்கியது. நேற்றென்றால் அவள் அதை மடியில் கட்டிக்கொண்டு படுக்கப் போயிருப்பாள். இன்று திருப்பிப் பேசுவதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டு, நேராக மேசைக்கு வந்தாள்.

"என்னங்க, நகோயாவுல சாப்பாட்டுக்கு நாலு பேர்னு சொல்லியிருக்கு. நாலாவது யாரு?"

"நாலா? நான் எதுவும் சொல்லலையே" என்றார் தகேஹிகோ. அந்தத் திகைப்பில் கலப்படம் இல்லை. இப்போது அவளுக்குத் தெரியும்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

கொஹாரு ஒரு ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள். தோல் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது. அவள் விரல்கள் மட்டும் இன்னும் உரித்துக்கொண்டிருந்தன. கழுத்திலிருந்து காது வரை சிவந்திருந்தாள். அப்படியே அப்பாவின் காது.

இகுமி உட்கார்ந்து தேநீரை ஊற்றினாள். "அவர் மிசோ கட்லெட் சாப்பிடுவாரா?" என்று கேட்டாள்.

மகள் தலையைத் தூக்கவில்லை. சாப்பிடுவார் என்று மெல்லத் தலையாட்டினாள்.

"எவன் அவன்?" என்றார் தகேஹிகோ.

இகுமி அவரைப் பார்த்தாள். இறுகிய தாடை, சுருங்கிய கண், யாரென்றே தெரியாத ஒருவனை ஜன்னலுக்கு வெளியே தேடுகிற பார்வை. அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம் அது. இன்று காலையில் கண்ணாடியில் பார்த்ததுதான்.

தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"முதல்ல இதைக் குடிங்க" என்றாள். "அப்புறம் அவகிட்டயே கேட்கலாம்."